மொழி மாற்றும் விசை

மனித குலம் கண்ட ரகசியக் காப்பு முறைகளிலேயே தலைசிறந்தது, தையல் இயந்திரம் இறக்குமதி செய்யும் ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், தேநீர் வருவதற்குச் சற்று முன்பு பிறந்தது.

அதைப் பெற்றவள் அங்கே வேலை பார்த்த கொரிய மொழிபெயர்ப்பாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கொரியத் தொழிற்சாலைக்குக் கடிதம் அடித்தபோது, ஆங்கிலத்திலிருந்து கொரியத்துக்கு மாற்றும் விசையை அழுத்த மறந்துவிட்டாள். விரல்கள் அடித்தது கொரியம்; திரையில் கொட்டியது ஆங்கில எழுத்துக் குப்பை. நிமிர்ந்து பார்ப்பதற்குள் அனுப்பியும்விட்டாள்.

பின்னால் மேலாளர் நின்றிருந்தார்.

"என்னம்மா இது, ஒண்ணும் புரியலையே?"

"சார், அது வந்து..."

"எனக்கே புரியலைன்னா எதிரிக் கம்பெனிக்காரனுக்கு எங்க புரியப்போகுது? பிரமாதம்."

மறுநாளே ஒழுங்கான பதில் வந்தது. கொரியாவில் இந்த மறதி எல்லோருக்கும் பழக்கம். குப்பையை ஒரு செயலியில் போட்டால் நொடியில் கொரியமாகிவிடும். மேலாளரோ அதை 'ராஜதந்திர வெற்றி' என்று அறிவித்துக் கூட்டம் போட்டார். இனி எல்லாக் கடிதங்களும் இப்படியே.

"அனுப்புற நமக்காவது புரிய வேணாமா சார்?" என்றார் கணக்காளர்.

"புரிஞ்சா அது என்னய்யா ரகசியம்?"

கணக்காளர் உட்பட அனைவரும் கைதட்டினார்கள். மொழி மாற்றும் விசை 'பாதுகாப்பு ஓட்டை' எனத் தீர்மானமாகி, அவள் விசைப்பலகையிலிருந்து திருப்புளியால் நெம்பி எடுக்கப்பட்டது.

"உண்மையைச் சொல்லிடட்டுமாக்கா?" என்று அன்று வீட்டில் அக்காவிடம் கேட்டாள்.

"வேலை நிரந்தரமாகட்டும்டி. அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

திங்கட்கிழமை மேலாளர் அவளுடைய நிரந்தர ஆணையை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்தார். அந்நேரம் கொரியாவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே புத்தம்புது விசைப்பலகை. கூடவே கொரியத்தில் ஒரு குறிப்பு: 'உங்கள் விசைப்பலகை பழுதாகிவிட்டது போலும். தயவுசெய்து இதைப் பயன்படுத்துங்கள்.'

"என்னம்மா எழுதியிருக்காங்க?"

அவள் பேனாவைப் பார்த்தாள்.

"நம்ம கடிதங்களைப் பார்த்துட்டுத்தான் அனுப்பியிருக்காங்க சார்."

"பரிசா?"

"காசு கேக்கலை சார்."

மேலாளர் கண் கலங்கக் கையெழுத்திட்டார். விசைப்பலகை வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. பெட்டிக்குப் பூட்டும் போட்டார்கள்.

ஆக, ஒரே கையெழுத்தில் இரண்டு நிரந்தரமாயின: அவள் வேலையும், அவள் பிழையும்.