எலி அறையில் கட்டிய ஈரச் சாக்கு

சுத்தக்காரர்களை அதிகம் நம்பக் கூடாது. நானும் அந்த இனம்தான் என்பதால் சொல்கிறேன். (என் கைக்குட்டைகளுக்குக் கிழமை உண்டு.)

விருதுநகர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அப்போது நான் ஆய்வு மாணவன். ஒரு பூஞ்சை எவ்வளவு கொடியது என்று பார்ப்பதே என் வேலை. வெள்ளைச் சுண்டெலிகளுக்கு மருந்து கொடுத்து நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைப்போம். பாதிக்குப் பூஞ்சை ஏற்றுவோம். மீதிக்கு வெறும் உப்புநீர். இரண்டையும் ஒப்பிட்டால் பூஞ்சையின் வீரியம் தெரியும். இந்த முறையும் சொதப்பினால் ஆய்வுக் காலம் நீளாது, வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று ஆய்வு வழிகாட்டியான மேடம் சொல்லியிருந்தார்.

எதிர்ப்பு சக்தி இல்லாத எலிக்குத் தூசிகூட ஆபத்து. அதனால் தீவனம், தண்ணீர், கூண்டில் பரப்பும் உமி எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்தே கொடுத்தேன். அந்த அறையில் நான் தும்மியதே இல்லை.

மே மாதம் ஏசி படுத்துவிட்டது. ஆமத்தூரில் பட்டாசுக் கம்பெனி போர்மேனாக இருந்த அப்பாவிடம் போனில் புலம்பினேன்.

“ஏலே, இதுக்குப் போயி அழுவாகளா? சாக்கை நனைச்சுச் சன்னல்ல கட்டு. மருந்து ரூம்ல நாங்க அப்படித்தான் செய்வோம். அம்புட்டு வெக்கையும் ஓடிரும்.”

கடலை மூட்டைச் சாக்கு ஒன்றை அவரே பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். கட்டினேன். குளுகுளுவென்று காற்று வந்தது. உப்புநீர் எலிகள் மேல் எனக்குத் தனிப் பாசம். அந்தக் கூண்டைச் சன்னலோரம் நகர்த்தினேன். சாக்குக்குத் தவறாமல் தண்ணீர் தெளித்தேன்.

ஒரு காலையில் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உப்புநீர் எலிகள் ஒன்றுவிடாமல் செத்துக் கிடந்தன. பூஞ்சை ஏற்றியவை உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தன. கூண்டுச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேனோ? (நானா? சீட்டையா?) திரும்பத் திரும்பப் பார்த்தேன். சீட்டு சரிதான்.

மேடம் வந்தார். எலிகளைப் பார்த்தார், பிறகு சன்னலைப் பார்த்தார். சாக்கின் உட்புறம் பச்சையும் கறுப்புமாக வெல்வெட் பூத்திருந்தது.

“சாகணும்னு நெனச்சது உக்காந்து திங்குது. இருக்கணும்னு வெச்சது போயிருச்சு. உமியக்கூட வேகவெச்சீகளே தம்பி, இதை வேகவெச்சீகளா?”

செத்த எலிகளின் நுரையீரலிலும் சாக்கிலும் ஒரே பூஞ்சை. நான் மாதக்கணக்கில் வளர்த்ததைவிட, அப்பா பஸ்ஸில் அனுப்பியது கொடியது.

ஆய்வுக் காலம் நீளவில்லை. இப்போது சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசு லேபிள்களுக்குப் பிழை பார்க்கிறேன்.

இன்றும் வெயிலில் கரண்ட் போனால் அப்பா குரல் கொடுப்பார்: “ஏலே, சாக்கை நனைக்கவா?”

அடுப்படியிலிருந்து என் மனைவி பதில் சொல்வாள்: “இருங்க மாமா, மொதல்ல வீட்ல எத்தனை பேரு இருக்கோம்னு எண்ணிக்கிருவோம்.”