இருட்டில் சிரித்த முப்பத்திரண்டு பற்கள்

எதையும் எண்ணிப் பார்க்காமல் விட்டால் எனக்கு நிம்மதி இராது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். பந்தியில் உட்கார்ந்தால் அப்பளத்தை எண்ணுவேன். (பக்கத்து இலை அப்பளத்தையும் சேர்த்துத்தான்.) இந்த வியாதியால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அனந்தபுரத்தில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, திண்டிவனத்து முதலாளி ஒருவரின் 'நிலாமுத்து' பற்பொடிக்குச் செஞ்சி ஏஜெண்டாக அலைந்துகொண்டிருந்தேன். வேலை தற்காலிகம். செஞ்சிக்காரர்களோ வேப்பங்குச்சியையும் அடுப்புக்கரியையும் விடுவதாக இல்லை. பொடி விற்றால்தான் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் விசாலம். விசாலத்தின் அப்பா அனந்தபுரத்துக்காரர், எனக்கு மாமா முறை. அவர் கறாராகச் சொல்லியிருந்தார்: "வேல நெரந்தரம்னு காயிதம் வரட்டும், அப்பால பொண்ணு. பல்லுப்பொடியத் தின்னுட்டா குடும்பம் நடத்துவீங்க?"

அப்போதுதான் முதலாளி ஒரு டப்பாவோடு வந்தார். விளக்கு எரியக்கூடாதென்று உத்தரவிருந்த யுத்த நாட்களில் பட்டாளத்தார் உபயோகித்த பெயிண்டாம். பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இருட்டில் தானே பச்சையாக ஒளிவிடுமாம். பட்டணத்தில் ஏலத்தில் எடுத்திருந்தார்.

"ராத்திரியானா கடை மூடலாம்ப்பா, நம்ம வெளம்பரம் மூடக்கூடாது" என்றார்.

செஞ்சி ஊர் ஓரத்தில், அனந்தபுரம் வண்டிகள் போகும் சாலையைப் பார்த்தபடி, வேர்க்கடலை மூட்டை அடுக்கும் ஒரு மல்லாட்டைக் கிடங்கு. அதன் சுவரில் சிரித்த முகமாக ஒரு பெண், கீழே பொடியின் பெயர். வரைவதற்குச் சவரிமுத்து அண்ணனைப் பிடித்தேன். கோயில் திருவிழாவுக்குத் திரைச்சீலை எழுதுகிறவர். அவர் கரியால் கோடிழுத்ததும் நான் எண்ணினேன். பெண்ணுக்கு எட்டே பற்கள்!

"அண்ணே, மனுசருக்கு முப்பத்திரண்டு. பல்லுப்பொடி விளம்பரத்துல பல்லு குறைஞ்சா கம்பெனி மானம் என்னாகும்?"

"அதுக்கின்னா தம்பி, வாயக் கொஞ்சம் பெருசாத் தொறந்துட்டாப் போச்சி. திரையில நரகத்துப் பிசாசுக்கெல்லாம் நான்தான் பல்லு வெச்சேன். ஒண்ணு கொறஞ்சிருக்குமா?"

நான் அந்த வார்த்தையிலேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். (எங்கே விழிப்பது? எண்ணிக்கை சரியாக வந்த சந்தோஷம்.) ஒரு காதிலிருந்து மறு காதுவரை வாய் நீண்டது. முப்பத்திரண்டு பற்களுக்கே டப்பா தீர்ந்துவிட்டதால் முகம், கண், பொடியின் பெயர் எல்லாவற்றையும் சாதாரண வர்ணத்தில் முடித்தோம். வேலை முடிந்த அந்தி வெளிச்சத்தில், ஏணியில் ஏறி ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினேன். பெயிண்ட் இன்னும் காயவில்லை என்பதை என் உள்ளங்கை சொல்லியது. துடைத்துப் பார்த்தேன்; போகவில்லை.

இருட்டியது. முகம் மறைந்தது. பெயர் மறைந்தது. கிடங்கு மறைந்தது. அந்தரத்தில், ஒரு மாட்டு வண்டியை முழுசாக விழுங்கும் அளவுக்கு, பச்சைப் பல் வரிசைகள் இரண்டு மட்டும் இளித்துக்கொண்டு நின்றன.

நானே இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அந்த நேரம் பார்த்து, சந்தைக்கு வந்துவிட்டு அனந்தபுரம் திரும்பும் வண்டி ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் சாட்சாத் விசாலத்தின் அப்பா.

"யப்பா! இன்னாது இது, வாயி மட்டும் வருது!" என்று கத்திக்கொண்டே வண்டியிலிருந்து குதித்தார்.

வருங்கால மாமனாரைப் பயப்பட விடலாமா? இருட்டில் நின்றபடி கையை உயர்த்தி ஆட்டினேன். "மாமா, பயப்படாதீங்க! வாங்க!"

அவருக்குத் தெரிந்ததெல்லாம், வாய்க்குக் கீழே ஒரு பச்சைக் கை தோன்றி, மாமா என்று முறை சொல்லித் தம்மை அழைத்தது மட்டும்தான். தலைப்பாகை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் கிடக்க, மனிதர் வயலில் இறங்கி ஓடியே போய்விட்டார். மாடுகள் நிதானமாக அசைபோட்டன.

மறுநாள் காலை வண்டியை நானே அனந்தபுரத்துக்கு ஓட்டிப் போனேன். பெண் போனது போனதுதான், மாடாவது வீடு சேரட்டும் என்று. இருட்டான கொட்டகையில் மாட்டைக் கட்டும்போது பின்னால் குடம் வைக்கும் சத்தம். விசாலம். அவள் பார்வை என் கையில் இருந்தது. வழியெல்லாம் வெயில் குடித்த உள்ளங்கை பச்சையாக மின்னியது.

"அந்தக் கை உங்களுதா?"

"பெயிண்டு" என்றேன், அழாத குறையாக.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க நைனா, ராத்திரி வண்டிய மறிச்ச முனிகூட மல்லுக்கட்டி, அத வெரட்டிட்டு வந்தேன்னு ஊரையே கூட்டிச் சொல்லியிருக்காரு. நீங்க வாயத் தொறந்தா அவரு மானம் பூடும். தொறக்க மாட்டீங்கன்னு நான் சொல்லட்டா?" என்றாள்.

சொன்னாள். சற்று நேரத்தில் மாமா வந்து தொண்டையைக் கனைத்தார். "இன்னா மாப்ள, முனி வெலகினப்புறம் வண்டிய நீங்க புடிச்சாந்தீங்க. அவ்ளோதான?"

"அவ்ளோதான் மாமா." (மாப்ள என்று அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை.) ஆனாலும் போகும்போது, "காயிதம்?" என்று கேட்க மறக்கவில்லை.

காகிதத்தை நினைத்துக் கலங்கிக்கொண்டே செஞ்சி திரும்பினால், சவரிமுத்து அண்ணன் எதிரே ஓடி வந்தார். "தம்பி, பொட்டலமெல்லாம் தீந்துபோச்சி! கடைக்காரங்க ஒன்னியத் தேடறாங்க!"

சுவரடியில் உடைத்த பூசணிக்காய், வேப்பிலை, எலுமிச்சம்பழம். நடுவே குவியலாக நிலாமுத்து. பல்லைக் காட்டி வந்த சாமி, பல்லுக்குத்தானே ஏதோ கேட்கிறது? வாய்க்குக் கீழே பெயரும் எழுதியிருக்கிறதே. கேட்டதைப் படைத்துவிட்டால் கடிக்காது என்று ஊர் தீர்மானித்திருந்தது. மறுபடி மூட்டை வரவழைத்தோம், அதுவும் போயிற்று. அதை ஒருவராவது பல்லில் வைத்ததாகத் தெரியவில்லை.

பார்வையிட வந்த முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். குவியலையும் பல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "தேச்சா இன்னா, படைச்சா இன்னா? வித்துச்சில்ல?" என்று சொல்லி, நிரந்தரக் காகிதம் கொடுத்தார். கையோடு சுவருக்கு வெள்ளையடிக்கவும் சொன்னார். அவரும் இருட்டிய பிறகு அந்தச் சுவரைத் தாண்டித்தான் திண்டிவனம் திரும்ப வேண்டியிருந்தது.

தை மாதம் கல்யாணம். மாமனார் இருந்தவரை, முனியை விரட்டிய வீரர் அவர்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு, அந்த முனியே தன் புருஷன்தான் என்று விசாலம் உறவெல்லாம் சொல்லிவிட்டாள். இன்றும் அனந்தபுரத்தில் எனக்கு 'முனி மாப்பிள்ளை' என்றுதான் பெயர். சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், என் மைத்துனி நான் உட்கார்ந்ததும் இலை ஓரத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, "கடிச்சிடாதீங்க மாமா" என்று கும்பிட்டாள். பந்தியே உருண்டு புரண்டு சிரித்தது.

எடுத்துப் பார்த்தேன். சாறே இல்லாத காய்ந்த பழம். முனிக்கு வைப்பதென்றாலும் நல்ல பழமாகப் பார்த்து வைக்கக்கூடாதா?