நின்றபடி ஒரு கிறிஸ்துமஸ்

கீத்லி,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.

மாட்சிமை பொருந்திய குடும்ப வான்கோழி வெட்டுநரும், ஸ்கிப்டன் நகரப் பேருந்தை ஓட்டி ஓய்ந்தவரும், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லி ஊரைப் பகைத்துக்கொள்பவருமான க்ளெம் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை ஹிலரியின் மகள் மார்னி மிகுந்த பணிவுடன் (பணிவு இந்த வரியோடு முடிகிறது) எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். தம்பி வில்ஃப் மட்டும் சாசேஜ் ரோல் அதிகமாகிச் சோஃபாவில் கிடக்கிறான். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது முறை. ஆனால் நேற்று போனில், டப்பாவைத் திறந்து பீன்ஸை டோஸ்ட் மேல் கொட்டிச் சாப்பிட்டதாகச் சொன்னீர்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு. உங்கள் நலம் எந்த அழகில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டதால் நேராகப் புகாருக்கு வருகிறேன்.

புகாரின் தொடக்கம் டிசம்பர் முதல் வாரத்தில் அம்மா உங்களோடு பேசிய போன் பேச்சு. கையில் மாவு என்று அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள்; ஸ்பீக்கரில் வருவது காற்றில் வருவது, காதை மூடிக்கொண்டு அலைய முடியாது. "அண்ணா, இந்த வருஷம் பெருசா ஒண்ணும் இல்ல, சும்மா கையில எடுத்துச் சாப்பிடற மாதிரி சின்னச் சின்னதா, பஃபே மாதிரி வைக்கலாம்னு இருக்கேன். வான்கோழி இல்ல. உனக்கு அலைச்சலா இருந்தா சிரமப்படாத" என்றாள் அம்மா. நீங்கள், "அதுக்கென்னம்மா, நல்ல யோசனைதான். நான் எதுக்கு நடுவுல தொந்தரவா, நீங்க நிம்மதியா இருங்க" என்றீர்கள். "தொந்தரவெல்லாம் இல்ல." "இல்ல இல்ல, பரவால்ல." "உனக்கு எது வசதியோ." "உங்களுக்கு எது வசதியோ." இப்படி வசதியை மாற்றி மாற்றிப் பந்துபோல் தட்டி, கடைசியில் இரண்டு பேருக்குமே வசதியில்லாத இடத்தில் போட்டுவிட்டுப் போனை வைத்தீர்கள். மாமா, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது என்று அதன் அம்மாவிடமே சொன்னவர் நீங்கள். உங்களுக்கு மரியாதை எப்போது தொற்றியது? யாரிடமிருந்து தொற்றியது? அம்மா அன்றைக்கு மாவு காய்ந்து உதிரும்வரை போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரி, நேற்றைக்கு வருகிறேன். காலையிலேயே அம்மா சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டாள். நாற்காலிகள் எல்லாவற்றையும் அப்பா மாடிக்குத் தூக்கிப்போய் என் அறையில் அடுக்கினார். ஜன்னல் பக்கம் போக வேண்டுமானால் நான் மலையேற வேண்டியிருந்தது. மேசை மேல் சாசேஜ் ரோல், குச்சியில் குத்திய சீஸும் அன்னாசியும், சட்டைப் பொத்தான் அளவில் யார்க்‌ஷயர் புட்டிங், அந்த மாவுக் கிண்ணத்தின் நடுவில் நகத்துண்டு அளவு மாட்டிறைச்சி. கிரேவி ஒரு சின்னக் கிண்ணத்தில், தொட்டுக்கொள்ள. கிரேவி என்பது ஊற்றுவது மாமா, தொட்டுக்கொள்வது அல்ல. இதை நான் சொன்னதற்கு அம்மா, "வாய மூடிக்கிட்டுக் காகிதத் தட்ட எடுத்து வை" என்றாள். வறுத்த உருளைக்கிழங்கு இல்லை. வறுத்தது எதுவுமே இல்லை, இருந்ததெல்லாம் வருத்தம்தான். அப்பா மட்டும் மணிக்கொரு தரம் "கார் டயர்ல காத்து இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று கராஜுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கார் எங்கேயும் போகவில்லை. காற்று எங்கே போகும்?

எண்ணிக்கை குறையாமல் இருக்கட்டும் என்று அம்மா பக்கத்து வீட்டு பிக்கர்ஸ்கில் தம்பதியை அழைத்திருந்தாள். அவர்கள் வந்தார்கள், கோட்டைக் கழற்றினார்கள், தட்டை எடுத்தார்கள், மேசைக்கு முன்னால் நின்றார்கள். நின்றார்கள். மாமா, இந்த ஊரில் யார் முதலில் எடுப்பது? "நீங்க எடுங்க." "அய்யோ, நீங்க எடுங்க." "வீட்டுக்காரங்க மொதல்ல." "விருந்தாளி இருக்கறப்போ நாங்க எப்படி." மேசையில் உட்கார்ந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது, நீங்கள் கத்தியைத் தீட்டி, "பசிக்கிறவன் தட்ட நீட்டு, பசிக்காதவன் எழுந்து போ" என்பீர்கள், தட்டுகள் நீளும், முடிந்தது கதை. நேற்று ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. பஃபே முன்னால் எல்லாரும் பேபே என்று விழித்தோம். கையால் சாப்பிடும் விருந்து என்றார்கள், கையைத்தான் பிசைந்துகொண்டிருந்தோம். கடைசியில் வில்ஃப்தான் மேசைக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டித் தொடங்கி வைத்தான், அவனே முடித்தும் வைத்தான், அதன் விளைவாகத்தான் சோஃபாவில் கிடக்கிறான்.

அடுத்தது காகிதப் பட்டாசு. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, கைகளைக் குறுக்கே போட்டு, இந்தப் பக்கத்தவர் ஒரு முனை, அந்தப் பக்கத்தவர் ஒரு முனை என்று பிடித்து ஒரே நேரத்தில் இழுப்போமே. நின்றுகொண்டு இழுத்துப் பாருங்கள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கோப்பை, மூன்றாவது கையைக் கடவுள் தரவில்லை. பிக்கர்ஸ்கில் அம்மாள் தட்டைக் கக்கத்தில் இடுக்கி இழுத்ததில் பட்டாசு வெடித்ததோ இல்லையோ, சீஸ் குச்சி பறந்து அப்பாவின் ஸ்வெட்டரில் இருந்த கலைமானின் கண்ணில் குத்தி நின்றது. பட்டாசுக்குள்ளிருந்து வந்த காகிதக் கிரீடத்தை எல்லாரும் வைத்துக்கொண்டோம். சுவரோரம் வரிசையாகக் கிரீடத்தோடு நின்றது, ராஜாக்கள் எல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் போல இருந்தது. கூடவே உள்ளே வந்த நகைச்சுவைக் கேள்வி-விடைச் சீட்டை அப்பா வாசித்தார். அவர் வாசித்தால் ரயில் தாமத அறிவிப்பு மாதிரி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வாசித்திருந்தால் விடையை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைப் பிறகு கேட்பீர்கள், நோரீன் அத்தை "உங்கிட்ட குடுத்தது என் தப்பு" என்று தலையில் அடித்துக்கொள்வார். இதை நினைத்தது நான் மட்டும் இல்லை. அம்மா உடனே சமையலறைக்குப் போய், கழுவிய கிண்ணத்தையே மறுபடி கழுவினாள்.

இப்போது என் பங்கு. மேசையில் ஒரு தட்டு நிறையச் சாக்லேட் உருண்டைகளும் இருந்தன, அவற்றில் பாதி சாக்லேட் அல்ல. நெல்லிக்காய் அளவே இருக்கும் குட்டிக் கோஸை அவித்து, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுத்தவை. இது பழிவாங்கல் அல்ல, மாமா, மீட்பு நடவடிக்கை: கிறிஸ்துமஸ் என்றால் குட்டிக் கோஸ் இருந்தாக வேண்டும், யாருக்கும் பிடிக்காவிட்டாலும். ஒரு அலறல், இரண்டு துப்பல், வீடு கலகலப்பாகிவிடும் என்று எண்ணினேன். பிக்கர்ஸ்கில் ஐயா ஒன்றை வாயில் போட்டார். கடித்தார். அவர் முகம் உள்பக்கமாக இழுத்துக்கொண்டது. அவர் விழுங்கிவிட்டு, "ரொம்ப... புதுசா இருக்கு" என்றார். அவர் மனைவி கடித்தார், கண்ணில் நீர் வந்தது, "எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தாங்க ஹிலரி" என்றார். அப்பா கடித்தார், "ம்ம், நல்லா" என்று சொல்லிவிட்டு டயர் பார்க்கப் போனார். மாமா, நான் தோற்றேன். இந்த நாட்டு மரியாதைக்கு முன்னால் எந்தக் குறும்பும் செல்லாது.

கடைசியில் அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். "எங்க அண்ணன் இங்க இருந்திருந்தா இதத் துப்பியிருப்பாரு" என்றாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

பிக்கர்ஸ்கில் தம்பதி கோட்டைத் தேடினார்கள். நான் அம்மாவின் பின்னால் சமையலறைக்குப் போனேன். "ஏம்மா இந்தப் பஃபே? யாருக்கும் பிடிக்கல, உனக்கே பிடிக்கல" என்றேன். அம்மா குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "மேசை போட்டா ஆறு எடம் போடணும், இல்லன்னா அஞ்சு போடணும். உங்க மாமா வந்து உக்காந்தா எதுத்தாப்ல நோரீன் எடம். அதப் பாத்துக்கிட்டு அவரு எப்படிடீ வான்கோழிய வெட்டுவாரு? நின்னுக்கிட்டுச் சாப்பிட்டா எது காலின்னு தெரியாதுல்ல."

ஏப்ரலில் அத்தை கண்ணை மூடியதிலிருந்து நாங்கள் யாரும் அந்த இடத்தைப் பற்றிப் பேசியதில்லை. சமையலறைக் கதவோரம், ஆறாவது நாற்காலி நம்மிடம் கிடையாது என்பதால் அந்தச் சுழலும் பியானோ ஸ்டூல். ஒவ்வொரு வருடமும் அத்தை கோட்டை மாட்டிவிட்டு வருவதற்குள் நான் அதைச் சுற்றிச் சுற்றிக் கடைசி மரை வரை இறக்கி வைப்பேன். அத்தை உட்கார்ந்தால் மேசை விளிம்புக்கு மேல் கண் மட்டும் தெரியும். ஒரு வருடம்கூட ஏற்றிக்கொண்டதில்லை. "யாராவது சொல்லுங்கப்பா, எனக்கு உருளைக்கிழங்கு வச்சாச்சா? இங்கேருந்து ஒண்ணும் தெரியல" என்று முழுச் சாப்பாட்டையும் அந்த உயரத்திலேயே சாப்பிட்டு முடிப்பார். நீங்கள்தான் எட்டி அவர் தட்டில் வைப்பீர்கள்.

நேற்று குழாயை மூடிய கையோடுதான் அம்மா உங்களுக்குப் போன் செய்தாள். பீன்ஸ் விவகாரம் வெளிவந்தது. "வந்திருக்கலாம்ல அண்ணா" என்றாள் அம்மா. "வந்து நான் என்னம்மா பண்ணப்போறேன், வெட்டறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றீர்கள். சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, என்ன சொன்னாள் தெரியுமா? "சரி, வெளிய பனி, வழுக்கும், பாத்துக்கோ." நீங்கள், "நீயும்." அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

போனை வைத்ததும் கதவோரத்தில் அப்பா. கலைமான் கண்ணில் இன்னும் குச்சி. "ஹிலரி, கோவிச்சுக்காத. கராஜ்ல ஒரு வான்கோழி இருக்கு" என்றார். கறிக்கடையில் வழக்கமாகக் கொடுக்கும் ஆர்டரை ரத்துசெய்ய அம்மா அனுப்பினாளாம். கடைக்காரரைப் பார்த்ததும் ரத்து செய்ய வாய் வரவில்லையாம். "எப்படியும் க்ளெம் கத்தியோட வந்து நிப்பாருன்னு நெனச்சேன்" என்றார். ஐஸ் பெட்டியில் வைத்து, நாள் முழுக்க ஐஸ் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். டயர்.

ஆகவே, வெட்டுநர் அவர்களே, இந்தக் கடிதத்தின் நோக்கம் இது: வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, உங்கள் கத்தியோடு, எங்கள் வீட்டுக்கு வந்து சேருமாறு கேட்டுக்கொள்கிறோம். மேசை நடுக்கூடத்துக்குத் திரும்பிவிட்டது. நாற்காலிகள் மாடியிலிருந்து இறங்கிவிட்டன. "தொந்தரவு" என்ற சொல்லை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வர வேண்டும். மறுத்தால் மீதமுள்ள சாக்லேட் கோஸ் அனைத்தும் பார்சலில் ஸ்கிப்டன் வந்து சேரும். மரியாதைக்காக நீங்கள் அதை விழுங்க வேண்டியிருக்கும், இப்போதுதான் உங்களுக்கும் மரியாதை வந்துவிட்டதே.

அம்மாவின் அன்பும், அப்பாவின் வணக்கமும், வில்ஃபின் ஏப்பமும் உங்களைச் சேரட்டும். உங்கள் கத்தி என்றும் கூர் மங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தலைவலி,
மார்னி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் ஞாயிறு வர வேண்டியதில்லை. விடுமுறை என்பதால் தபால் திங்கள்கிழமைதான் போகுமாம். போன் செய்யலாம் என்றால், "அண்ணனும் தங்கச்சியும் இனிமே போன்ல பேசவே கூடாது" என்று அப்பா அம்மாவின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். உறையில் தபால் தலை இல்லாததைக் கவனித்தீர்களா? உங்கள் கதவுத் துளையில் இதைப் போட்டது நான்தான். கையெழுத்து இங்கே ஆடுவதற்குக் காரணம், இதைக் காரில் எழுதுகிறேன், அப்பா ஒரு பள்ளத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஜன்னல் திரையை விலக்கிப் பாருங்கள், தெருவில் நிற்கிறோம். வான்கோழி வில்ஃபின் மடியில், பெல்ட் போட்டு. அது வேக நாலு மணி நேரம் ஆகும், அதனால் எங்களைச் சீக்கிரம் துரத்த வழியில்லை. நாற்காலி உங்களிடம் போதாது என்று அம்மா நான்கைக் கார்க் கூரையில் கட்டச் சொன்னாள். ஸ்டூல் என் மடியில். அதில் யார் உட்காருவது என்று கீத்லியிலிருந்து சண்டை நடந்தது, நான் ஜெயித்தேன். கடைசி மரை வரை இறக்கியாயிற்று. அங்கேயிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது மாமா, உருளைக்கிழங்கை நீங்கள்தான் எட்டி வைக்க வேண்டும்.