மரியாதைக்கு ஏறிய பிரஷர்

ஆஸ்பத்திரி அறை வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு வரிசையாகக் கிடந்ததைப் பார்த்ததுமே சிஸ்டர் அங்கேயே நின்றுவிட்டாள்.

போன மாதம் கழுத்து ஆபரேஷனுக்கு வந்த ஒருவரின் தாடியைக் கேட்காமல் மழித்துவிட்டாள். அது குல வழக்கப்படி கத்தியே படக் கூடாத தாடி. அன்றிலிருந்து வார்டில் அவள் பெயர் 'தாடி சிஸ்டர்'. நேற்றுத்தான் தலைமை டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தார்.

"நமக்கே தெரியாத பாரபட்சம் நமக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நோயாளியோட வழக்கத்தைத் துருவித் துருவிக் கேக்காதீங்க. கவனிங்க, அதையே செய்யுங்க." பிறகு அவளை மட்டும் பார்த்தார். "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சு, வேலை இருக்காது."

உள்ளே வெளியூர்ப் பெரியவர் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தயாராகப் படுத்திருந்தார். சுற்றி மனைவி, மகள், மருமகன். எல்லோரும் வெறுங்காலோடு, வாய் திறக்காமல்.

சிஸ்டர் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸ் ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதையும் உருவிவிட்டுப் பூனைபோல நடந்து போனாள்.

பெரியவர் அவள் பாதத்தையே பார்த்தார். "ஏம்மா, எதுக்கு நீங்க..."

"ஒண்ணும் சொல்ல வேணாம் ஐயா, எனக்குத் தெரியும்," என்று கிசுகிசுத்தாள். "எல்லாத்தையும் நல்லபடியா முடிச்சு வைக்கிறது எங்க பொறுப்பு."

பெரியவரின் கை நெஞ்சுக்குப் போனது. ஓகோ, இது அடுத்த சடங்கு. அவளும் நெஞ்சில் கை வைத்தாள். குடும்பம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. மூன்று கைகள் மூன்று நெஞ்சுக்குப் போயின.

பிரஷர் பார்த்தாள். காலையில் சாதுவாக இருந்தது இப்போது சீறியது. இன்னும் ஏறினால் ஆபரேஷன் நிற்கும். ஆபரேஷன் நின்றால் யார் தலை உருளும் என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குரலை இன்னும் இறக்கினாள். "மனசுல ஏதாவது ஆசை இருந்தா சொல்லுங்க ஐயா. யாரையாவது பாக்கணுமா?"

பிரஷர் கிடுகிடுவென்று ஏறியது. பயத்தில் தலைமை டாக்டருக்கே போன் போட்டாள்.

அவர் வந்தார். ஒரே பார்வையில் உலகத்துப் பண்பாடு அத்தனையும் விளங்கிவிடுகிற மனிதர். ஷூவைக் கழற்றி, நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடித் தலைகுனிந்து நின்றார். பெரியவர் தேம்பித் தேம்பி அழுதார்.

"பாத்தியா, மதிச்சா மனுஷன் எப்படி உருகுறாரு," என்றார் டாக்டர் அவள் காதில்.

அவள் பிரஷர் மெஷினை அவர் பக்கம் திருப்பினாள். டாக்டரின் முகம் வெளிறியது.

"ஆபரேஷன் இனி வேணாம்," என்று முனகினார். சிஸ்டருக்கு வேலை போனது கண்ணெதிரே தெரிந்தது. டாக்டர் பெரியவரின் மனைவி பக்கம் திரும்பினார். "எங்க மரியாதையில ஏதாவது குறை இருந்தா சொல்லுங்கம்மா."

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தரை ஈரமா இருக்கேன்னு நாங்க செருப்பக் கழட்டினோம்; நீங்க ரெண்டு பேரும் கழட்டிட்டு வந்து நெஞ்சுல கை வச்சதுமே, சாகப்போறவங்களுக்கு உங்க ஊர்ல செய்யிற மரியாதை இதுதான்னு புரிஞ்சுபோச்சு, எந்நேரத்துக்குன்னு மட்டும் சொன்னீங்கன்னா மூத்தவனுக்குத் தகவல் சொல்லிடுவேன்."