நாற்பத்தொன்றாம் எலியின் இதயம்

வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு இதயம் ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிப்பதற்காக எங்கள் ஆராய்ச்சி நிலையம் நாற்பது எலிகளை நியமித்தது. நியமனம் என்றுதான் கோப்பில் எழுதினேன். அங்கே குமாஸ்தா நான். ஒவ்வொரு எலிக்கும் காய்ச்சல் வரவழைக்கும் ஊசி, அப்புறம் முழு ஓய்வு, வாரத்துக்கு இரண்டு ஈசிஜி. கூண்டருகே யாரும் உரக்கத் தும்மக் கூடாதென்று சுற்றறிக்கை வேறு.

கூண்டு கழுவுகிறவருக்கும் அதே காய்ச்சல் வந்தது. நாலாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். மரத்தூள் மூட்டையைத் தூக்கினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நிர்வாக அதிகாரியிடம் போனார்.

"சார், மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஒரு ஈசிஜி எடுத்துக்கட்டுமா? மெஷின் இங்கதானே இருக்கு."

"அது எலிக்கு வாங்கினதுப்பா. மனுஷனுக்கு எடுத்தா மேலிடத்துக்கு யார் பதில் சொல்றது?"

"ரெண்டு நாள் லீவாவது குடுங்க சார்."

"நீ லீவு போட்டா எலிங்க ஓய்வு கெட்டுடுமே!"

வீட்டில் அவர் மனைவி கொதித்தாள். "பேசாம எலியாப் பொறந்திருக்கலாம் நீங்க."

மறுநாள் எலிச் சேர்க்கைப் படிவத்தை வாங்கி நிரப்பினார். எண்: நாற்பத்தொன்று. நிறம்: கறுப்பு. எடை: அறுபத்திரண்டாயிரம் கிராம். வால்: இல்லை. எடையை யாரும் கண்டுகொள்ளவில்லை. வாலுக்கு மட்டும் விளக்கம் கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. "பிறவியிலேயே இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். அனுமதி கிடைத்துவிட்டது.

அப்புறம் ராஜ மரியாதைதான். இதயத் தசையில் வீக்கம் என்று ஆய்வு நடத்திய டாக்டரம்மா கண்டுபிடித்தார். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர்; குலுக்கலில் நம்மவருக்கு மருந்துப் பிரிவு விழுந்தது. பார்க்க வந்த மனைவி, "கல்யாணத்துக்கப்புறம் இப்பதான் உங்க முகம் தெளிஞ்சிருக்கு" என்று கண் கலங்கினாள்.

ஆறாவது வாரம் கடிதம் வந்தது. ஆய்வு இனிதே நிறைவுற்றபடியால், நாற்பத்தொரு இதயங்களும் வெள்ளிக்கிழமைக்குள் கண்ணாடிக் குப்பிகளில் ஒப்படைக்கப்பட வேண்டும்.

மனிதர் அலறியடித்துக்கொண்டு ஓடினார். "சார், நான் மனுஷன் சார்!"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "மனுஷன்னா, ஆறு வாரமா சொல்லாம கொள்ளாம வேலைக்கு வரல. போன மாசமே நீக்கி ஆர்டர் போட்டாச்சு. எலின்னா குப்பி. எது வேணும்?"

"மனுஷனாவே போயிடறேன் சார்."

"நல்லா யோசிச்சுக்கோ. மனுஷனுக்கு மருந்து கிடையாது."

நீக்க ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். கோப்பை மூடி முத்திரை குத்தியது நான்தான்.

அதிகாரி கதவைச் சாத்தினார். போன வாரம் அவருக்கும் காய்ச்சல். நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அடுத்த ஆய்வுக்கு எத்தனை எலி?"

"முப்பது சார்."

"இடம் இருக்கா?"

இல்லை என்றேன். முப்பது படிவங்களும் வந்தாயிற்று, எல்லாம் நம் ஊழியர்கள். எலிகளுக்குத்தான் இடமில்லை. முதல் படிவம் என்னுடையது.

குப்பி விஷயம் எங்களுக்குத் தெரியாமலில்லை. அதுவரைக்கும் ஆறு வாரம், நம் நெஞ்சில் ஒருத்தர் காது வைத்துக் கேட்பாரே.