வெறுங்கால் அண்ணையின் பயம்

எழுபதுகளில் ஒன்ராறியோ மாகாணம் முழுவதிலும் தண்ணீருக்கு மிக அதிகமாகப் பயந்த மனிதர் வெறுங்கால் அண்ணைதான். அவருடைய உத்தியோகம் அணைக்கட்டுகளைச் சோதிப்பது.

ரொறொன்ரோவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எங்களுக்கு வேலை. மாகாணத்துச் சின்ன அணைகளையெல்லாம் பார்க்க நாங்கள் இரண்டே பேர். அவர் நிரந்தரம், நான் தற்காலிகம். அண்ணை பார்க்டேலில் பதினாலாம் மாடியில் குடியிருந்தார். "கீழ் வீட்டைச் சும்மா தந்தாலும் வேண்டாம் ஐசே, ஏரி பக்கத்திலை கிடக்கு" என்பார். விருந்துக்குக் கூப்பிட்டால், அந்த வீட்டுக்கு மேலே எந்த அணை இருக்கிறது, உடைந்தால் தண்ணீர் வர எவ்வளவு நேரம் என்று சோற்றில் கைவைக்க முன்னரே விளக்கிவிடுவார். பிறம்ரனில் ஒரு வீட்டுக்கார அம்மா பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு நிலவறையைப் பார்க்க ஓடினார். அதன்பிறகு அண்ணையையும் யாரும் கூப்பிடவில்லை, அவரோடு போன பாவத்துக்கு என்னையும் கூப்பிடவில்லை.

இலங்கையில் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை செய்தபோது பிடித்த பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. மண்கட்டின் அடிவாரத்தில் வெறுங்காலோடுதான் நடப்பார். கசிவு கண்ணுக்கு முதல் காலுக்குத் தெரியுமாம். வன்னி வெயிலில் அது சரி. கனடாவில், மார்ச் மாதத்தில்? சப்பாத்தையும் இரண்டு சோடிக் காலுறையையும் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, "ஊ! ஊ!" என்று கத்திக்கொண்டே பனியில் நடப்பார். ஒருமுறை ஒரு பொலிஸ்காரர் காரை நிறுத்தி, இவரை எந்த ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தாய் என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

ஒரு பெப்ரவரியில் எனக்குக் கடிதம் வந்தது. அடுத்த நிதியாண்டில் ஒரு பதவிக்குத்தான் பணம் உண்டு. அணை பார்க்க ஓராள் போதும். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. அண்ணை மேலதிகாரியிடம் போய்ச் சத்தம்போட்டார். அவர் சிரித்துக்கொண்டு, "இதுவரை எந்த அணையாவது உடைந்ததா?" என்று கேட்டாராம்.

மார்ச் கடைசிக் கிழமை வடக்கே ஒரு பழைய ஆலை அணைக்குப் போனோம். என் கடைசிப் பயணம் அது. பனி உருகி, தண்ணீர் விளிம்புவரை நின்றது. கீழே ஒரு சிற்றூரும் பள்ளிக்கூடமும் தெரிந்தன. ஊ, ஊ என்று போனவரின் சத்தம் சட்டென்று நின்றது.

"ஐசே, இஞ்சை குளிரேல்லை."

அந்த இடத்தில் மட்டும் பனி கரைந்து, சேறு குமிழியிட்டது. கோட்டுப் பையிலிருந்த ஜாம் போத்தலில் அந்தத் தண்ணீரைப் பிடித்தார். தெளிவாக இருந்தால் வெறும் கசிவு. கலங்கியிருந்தால் அணை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று அர்த்தம். போத்தலில் இருந்தது பால் தேத்தண்ணி நிறம்.

"ஓடும்! போன் அடிச்சு மதகைத் திறக்கச் சொல்லும். சனத்தை மேட்டுக்கு ஏத்தச் சொல்லும்."

"நீங்களும் வாங்கோ அண்ணை!"

"ரெண்டு பேரும் போனால் உது பெருக்கிறதை ஆர் பாக்கிறது? பெருத்தால் விசில் ஊதுவன். கேட்டால் திரும்பி இஞ்சை வராதையும்."

அவருக்குப் பல் தந்தியடித்தது. எனக்கும்தான். எந்த நிமிடமும் விசில் கேட்கும் என்று காதைப் பின்னால் விட்டுவிட்டு ஓடினேன். ஒரு பண்ணை வீட்டின் கதவைத் தட்டும்போதுதான் அவருடைய சப்பாத்து என் கையிலேயே இருப்பதைக் கண்டேன்.

ஆட்களோடு திரும்பிவர ஒரு மணி நேரம் ஆயிற்று. அண்ணை அதே சேற்றில், விசிலைப் பல்லில் கடித்தபடி, கண்ணீர் வழிய நின்றார். மதகு திறந்தது, தண்ணீர் இறங்கியது, ஊர் தப்பியது. என் வேலையும் தப்பியது. ஜாம் போத்தல்தான் காப்பாற்றியது என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் பழைய கோப்பு ஒன்று கையில் அகப்பட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகும், ஓராளே கண்டுபிடித்துவிட்டார்தானே, இரண்டாமவர் எதற்கு என்று மேலிடம் கேட்டிருக்கிறது. அண்ணை தன் கையெழுத்தில் பதில் எழுதியிருந்தார்: "நான் பெரிய பயந்தாங்கொள்ளி. தனியே அணைக்குப் போகமாட்டேன். அவரை நிற்பாட்டினால் நானும் போய்விடுவேன்." பக்கத்தில் மேலதிகாரியின் குறிப்பு: பதவி உயர்வுக்கு ஏற்றவரல்ல.

அவருக்குக் கடைசிவரை உயர்வு கிடைக்கவில்லை. காரணம் தெரியாமல் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து அவரைப் பகிடிபண்ணியிருக்கிறேன்.

அந்தச் சேற்றில் அவர் நின்றதைப் பார்த்தவன் நான். அந்தக் கோப்பில் யாரும் அதை எழுதவில்லை, ஆகையால் இங்கே எழுதிவைக்கிறேன்.