நாலாயிரம் வருஷத்து அடுப்பும் ஒரு விரால் மீனும்

சாரம், புதுச்சேரி
வியாழக்கிழமை

என் மனைவியின் ஒரே தம்பியும், ரெட்டியார்பாளையத்தில் மாடி வீடு கட்டியும் அதில் ஒரு குடித்தனக்காரரைக்கூட வைத்துக்கொள்ளாத புத்திசாலியுமான புருஷோத்தமனுக்கு, அக்காள் புருஷன் கன்னியப்பன் எழுதிக்கொண்டது.

நீ எனக்குச் செய்த தீங்கு இதுதான்: செத்துப்போனவர்களின் அடுப்பைத் தோண்டி எடுக்கிற ஒரு பெண்ணை, "நல்ல குடும்பத்துப் பொண்ணு மாமா, சத்தமே வராது" என்று சொல்லி என் மாடியில் குடிவைத்தாய். நீ சொன்னது சரிதான், சத்தம் வரவில்லை. ஜெயில்தான் வரப்போகிறது.

கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். நீ, நிர்மலாதேவி, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? நான் போன மாதம் கொடுத்தனுப்பிய கறிவேப்பிலைக் கன்று துளிர்த்ததா? நல்ல கறுப்பு மண் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், துளிர்க்காமல் இருக்காது. இங்கே உன் அக்காள் செல்வாம்பாள் சுகம். அவள் எப்போதும் சுகம். நான்தான் சுகமில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் மாடிக்குக் கேட்கும். மாடிக்குக் கேட்காவிட்டால் போலீசுக்குக் கேட்கும். படித்ததும் இதைக் கிழித்துவிடு. எரிக்காதே. எரிந்ததுதான் அழியாது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

அது எப்படி என்று சொல்கிறேன். அந்தப் பெண் மெரின் வந்தவுடனேயே அவள் வேலை என்ன என்று விசாரித்தேன். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர் என்று நீ சொன்னதில் நான் மயங்கியது உண்மை, ஆனாலும் விசாரித்தேன். செஞ்சிப் பக்கம் ஒரு பாறையடியில் நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆட்கள் தங்கிச் சமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அடுப்பைத் தோண்டி, தோண்டியதைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் கருகிப்போன விதைகள் மிதந்து வரும். அதை டீ வடிகட்டியைவிடப் பொடியான சல்லடையில் பிடித்துக் காயவைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, இது சாமை, இது கொள்ளு, இது இலந்தைக்கொட்டை என்று பிரிப்பாள். "கருகாத வெத மக்கிப் பூடும் அங்கிள். கருகுனதுதான் நமக்காகக் காத்துக்கெடக்கும்" என்றாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பஞ்சாலையில் தறி ஃபிட்டராக இருந்துகொண்டே நூலகத்தில் உட்கார்ந்து படித்தவன். மிளகாய் நம் மண்ணின் சரக்கு இல்லை, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் போர்ச்சுகீசியன் கப்பலில் வந்து இறங்கியது, நம் பாட்டன் பூட்டன் உறைப்புக்கு மிளகைத்தான் தின்றான் என்று நான் சொல்லாத இடம் கிடையாது. உன் கல்யாணப் பந்தியில் சொன்னபோது பரிமாறினவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனான், நினைவிருக்கும். இந்த விஷயத்தில் இன்றுவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. என் வினை அங்கேதான் வந்து விடிந்திருக்கிறது.

பிடித்துப்போனது ஒரு பக்கம், என் வீட்டை அவள் அடைத்துக்கொண்டது மறுபக்கம். மொட்டை மாடி முழுக்கத் தொட்டி, சல்லடை, வெள்ளைத்துணி. மாடிப்படிக்குக் கீழே மண் சாக்கு. அந்தச் சாக்கையாவது நான் வீணாக்கவில்லை. நல்ல கறுப்பு மண்ணாக இருந்ததால் முழுவதையும் பெயிண்டு வாளியில் கொட்டித்தான் உனக்குக் கன்று வைத்தேன். சாக்கில் ஏதோ உரக்கடை அட்டை நல்ல நூல்கயிற்றில் தொங்கியது. அதையே எடுத்துக் கன்றைக் குச்சியோடு கட்டினேன். ஒரு பொருளை வீணாக்கத் தெரியாது எனக்கு. இனி நடந்ததைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்காள் உயிரோடு ஒரு விரால் வாங்கி வந்தாள். விரால் வழுக்கும் என்பது உனக்குத் தெரியும். சாம்பல் தொட்டுக்கொள்ளாமல் அதைப் பிடிக்க முடியாது. பூனைக்குப் பயந்து மாடிக்குப் போய் உட்கார்ந்து ஆய்ந்திருக்கிறாள். குழம்பு பிரமாதம். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு, விரால் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று பாராட்டினேன். பாராட்டாமல் இருந்திருக்கலாம்.

"மாடில டப்பால சாம்பல் இருந்துது, எடுத்துத் தேச்சேன். வழுக்கவே இல்ல" என்றாள்.

"எந்த டப்பா?"

"அந்தப் பொண்ணு வெச்சிருக்காளே, எவர்சில்வர் டப்பா. அது வந்துங்க..."

வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. மேலே ஓடினேன். டப்பாவின் மேல் காகிதம் ஒட்டி, "அடுப்பு 3. தொட வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே அடியில் ஒரு கைப்பிடி சாம்பலும் மூன்று மீன் செதிலும் கிடந்தன. புருஷோத்தமா, நாலாயிரம் வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் தப்பிக் கிடந்த அடுப்பு, உன் அக்காள் கையில் ஒரு விராலுக்குத் தப்பவில்லை. அரசாங்கம் காபந்து பண்ணிவைக்கிற பொருளை நான் குழம்போடு சோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்றிருக்கிறேன். கீழே வந்தால் செல்வாம்பாள் மறுபடி, "நான் சொல்றதக் கேளுங்க, அந்தச் சாம்பல்..." என்று ஆரம்பித்தாள். "வாயத் தொறக்காத. நீ இப்ப சாட்சி. சாட்சி பேசப்பிடாது" என்று அடக்கிவிட்டேன்.

அடுத்து நான் செய்ததை வேறு எந்தக் குடும்பஸ்தனும் செய்திருப்பான். கொல்லையில் நம் வெந்நீர் அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளி, செதிலைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, டப்பாவை நிரப்பி மூடினேன். சாம்பலுக்குச் சாம்பல். யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன்.

ஆனால் பயம் வயிற்றிலேயே உட்கார்ந்துகொண்டது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த அடுப்பில் சமைத்தவளுக்கு என்ன நோய் இருந்ததோ, என்ன சாபம் விட்டுப் போனாளோ? முனைக் கடை மருந்துக்காரனிடம், பொதுவாகக் கேட்பதுபோல, "நாலாயிரம் வருஷத்துப் பொருள் வயித்துக்குள்ள போனா என்னப்பா ஆவும்?" என்று கேட்டேன். அவன் தலை நிமிராமல், "எக்ஸ்பைரி தேதி பாத்தீங்களா பெருசு?" என்றான். இவன் விளங்குவானா?

செவ்வாய்க்கிழமை கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். "மேல தொட்டில ஏதாச்சும் இருக்கா சார்? பாக்கணும்" என்றான் ஒருவன். வாசற்படியைக் குறுக்கே மறித்துக்கொண்டேன். "தொட்டிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. மீன் தின்னது மட்டும் நெசம்" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டெங்கு கொசுப் புழு இருக்கான்னு பாக்க வந்தோம் சார்" என்றான் மற்றவன். பார்த்துவிட்டுச் சுவரில் சாக்பீசில் ஏதோ எழுதிவிட்டுப் போனார்கள். அது கொசுக் கணக்குதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

இதெல்லாம் ஒன்றுமே இல்லை. நேற்று மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, மூச்சு வாங்க நின்றேன். மெரின் போனில் யாரிடமோ கத்துகிறாள்: "மொளகா வெதடி! கருகி முழுசா இருக்கு! ஒண்ணு இல்ல, ஏகப்பட்டது! நான் எதிர்பாக்கவே இல்ல. சனிக்கெழம மதாம் வர்றாங்கல்ல, மொதல்ல இதத்தான் காட்டப்போறேன்!"

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை நம் பேத்தி பூவிழி பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து வந்தாளே, உன் அக்காள் சும்மா இருந்தாளா? மிளகாயும் உப்பும் தெருமண்ணும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றித் திருஷ்டி கழித்து, வெந்நீர் அடுப்பில்தான் போட்டாள். இருமல்கூட வரவில்லை, பாருங்கள் எவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று அப்போது பெருமைப்பட்டாள். அந்த மிளகாய்தான் இப்போது டப்பாவுக்குள் இருக்கிறது. போர்ச்சுகீசியன் கொண்டுவந்த மிளகாயை, அவன் பிறப்பதற்கு மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின அடுப்பில் என் கையாலேயே நான் கொட்டியிருக்கிறேன். சனிக்கிழமை பாரிசிலிருந்து வருகிற அவளுடைய பேராசிரியை மதாம் அதைப் பார்ப்பார். பேப்பரில் வரும். செஞ்சியில் அப்போதே மிளகாய் தின்றார்கள் என்று உலகம் நம்பும். பிறகு ஒருநாள் எவனாவது கண்டுபிடிப்பான். எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆறு வருஷமாகக் கண்ணைப் பூதக்கண்ணாடியில் வைத்துத் தேய்த்த பெண். எனக்கு வெற்றிலை வாங்கிவந்து தருகிற பெண். அவள் படிப்பு என் ஒரு கரண்டிச் சாம்பலில் போய்விடும். ஜெயிலைவிட அந்தப் பயம் பெரிதாக இருக்கிறது. அதை உனக்கு எழுதுகிறேனே தவிர, யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மறைமுகமாகத் தடுத்தும் பார்த்தேன். இன்று காலை அவள் படியிறங்கும்போது, "ஏம்மா, மொளகா வெளிநாட்டுச் சரக்குதான? பழைய அடுப்புல அதுக்கு என்னா வேல?" என்று கேட்டேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "அதான் அங்கிள் விஷயமே!" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னால் நின்ற செல்வாம்பாள், "இப்பவாச்சும் நான் சொல்லட்டுமா?" என்றாள். "சாட்சி!" என்றேன். உள்ளே போய்விட்டாள்.

ஆகவே, இதற்கெல்லாம் மூலகாரணமான நீ செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள். நாளைக்கே வந்து, மெரினிடம் நீயாகவே, அந்தச் சாம்பலைத் தவறுதலாக நீ கொட்டிவிட்டு மாற்றிவைத்ததாகச் சொல்ல வேண்டும். உனக்கு அரசாங்க வேலை, உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள். நிர்மலாதேவி, திருஷ்டி கழித்தது அவள் வீட்டில்தான் என்று சொல்ல வேண்டும். விராலை வாங்கியது யார் என்று கேட்டால் யாரும் வாங்கவில்லை, அதுவாக வந்தது. செல்வாம்பாள் ஒன்றும் சொல்லக்கூடாது. மதாமின் விமானம் இரண்டு நாள் தாமதமாக வேண்டும், அதற்கு மணக்குள விநாயகருக்கு நீ தேங்காய் உடைக்க வேண்டும். உனக்குத் தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் சும்மா வீட்டுப் பக்கம் வந்துபோவதுபோல் வரட்டும். மற்றபடி கறிவேப்பிலைக் கன்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்று, வாரத்துக்கு ஒருமுறை ஆட்டுப்புழுக்கை போடு, மண்ணை நன்றாகக் கிளறிவிடு.

உன் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். எத்தனை ஆயிரம் வருஷமானாலும் அதை யாரும் வந்து தோண்டாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
கன்னியப்பன்

பி.கு.: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் மெரின் கீழே வந்தாள். "அங்கிள், சனிக்கெழம மதாம் உங்க வெந்நீர் அடுப்பப் பாக்கணும்னாங்க" என்றாள். கடிதத்தை உறையோடு முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் சொல்கிறாள்: "அந்த டப்பால இருக்கறது உங்க ஊட்டுச் சாம்பல்தான் அங்கிள், ஆன்ட்டிதான் குடுத்தாங்க. இந்தத் தெருவுல நாலு ஊட்டுல வாங்கனேன், உங்கது மூணாவது. இப்ப இருக்கறவங்க அடுப்புல என்னா போடறாங்கன்னு தெரிஞ்சாதான், அந்தக் காலத்து அடுப்புல கெடக்கறது சமையல்ல கருகுனதா, வேணும்னே போட்டதான்னு சொல்ல முடியும். திருஷ்டி மொளகா இப்படி முழுசாத் தங்கும்னு நெனைக்கவே இல்ல!" செல்வாம்பாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இதத்தான நான் ஞாயித்துக்கெழமலருந்து சொல்ல வர்றேன். சாட்சியாம், சாட்சி!" என்றாள்.

நான் சிரித்தேன், புருஷோத்தமா. வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "அப்ப நெசமான நாலாயிரம் வருஷத்துச் சாம்பல் எப்பிடிம்மா இருக்கும்?" என்று கேட்டேன்.

"அத்தினி வருஷத்துக்கு அப்பறம் சாம்பல் சாம்பலாவா இருக்கும் அங்கிள்? கறுப்பு மண்ணாட்டம்தான் இருக்கும். பாத்தா தொட்டி மண்ணுன்னுதான் நெனைப்பீங்க. மாடிப்படிக்குக் கீழ சாக்குல அட்ட கட்டி வெச்சிருக்கேன். நாளைக்குத்தான் தண்ணில போடப்போறேன்."

கன்றுக்குத் தண்ணீர் ஊற்றாதே. மண்ணைக் கிளறாதே. புழுக்கை போட்டிருந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடு. குச்சியில் தொங்குகிற அட்டையில் கை வைக்காதே. நிர்மலாதேவியை, குறிப்பாக மீன் வாங்குகிற நாளில், அந்த வாளிப் பக்கம் விடாதே. இந்தக் கடிதத்தை நானே ஆட்டோவில் கொண்டுவருகிறேன். வாசலில் நின்று நீட்டுவேன். படித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அந்த வாளியைத் தூக்கி ஆட்டோவில் வை.

கன்று வேண்டும் என்று கேட்டது நீ. அதை மறந்துவிடாதே.